நெஞ்சு அண்ணனுக்கு, கண் எனக்கு

எங்கள் வீட்டில் ஒருவரும் சுருட்டுப் பத்தியதில்லை. இந்த வசனத்தை அம்மா எத்தனையோ வைத்தியர்களுக்கு முன்னால் தலையை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். எனக்கு இப்போது அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். நெஞ்சுக் கிளினிக்கில் முதல் கேள்வியே அதுதான்: வீட்டில் புகைபிடிக்கிறவர்கள் யாராவது உண்டா? "சீச்சீ, எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பத்திறேல்லை" என்பார் அம்மா, யாரோ குலம் கோத்திரத்தைக் கேட்டு அவமானப்படுத்திவிட்ட மாதிரி. வைத்தியர் அதை எழுதிக்கொள்வார். பிறகு தொய்வு, ஆஸ்துமா என்று சொல்லி, வாய்க்குள் அடிக்கிற பம்ப் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார். அம்மா வருடக்கணக்கில் அந்தப் பம்பை அடித்தார். அடுப்படியிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்கிடையில் நின்று மூச்சு வாங்குவது மட்டும் குறையவில்லை.

அம்மா பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை. அப்பா வாழ்நாள் முழுவதும் புகையிலைத் தோட்டம் செய்தவர். உடுப்பிட்டியில் எங்கள் காணியில் புகையிலையைத் தவிர அவர் மனம் வைத்துச் செய்த பயிர் எதையும் நான் காணவில்லை. ஆனால் ஒரு சுருட்டைக்கூட அவர் உதட்டில் வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை கோயில், நெற்றி நிறைய விபூதி, வீட்டுக்குள் மச்ச மாமிசமில்லை, புகையில்லை. ஊர் அவரை ஒழுக்கமான மனிதர் என்றது. அண்ணனுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்களிடமும் தரகர் முதலில் சொன்னது அதைத்தான். அவர் விளைவித்த புகையிலையைப் பத்தி எந்த ஊரில் எவன் இருமிச் செத்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உண்மை வெளியே வந்தது யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில். அங்கே புதிதாக வந்திருந்த நெஞ்சு வைத்தியர் ஒருவர் கேள்வியை வேறு மாதிரிக் கேட்டார்.

"அம்மா, வீட்டிலை என்ன தொழில்?"

"தோட்டம்."

"என்ன தோட்டம்?"

"புகையிலைதான், வேறை என்ன."

"இலையை உலர்த்தப் புகை போடுறவையெல்லோ? உங்கடை வீட்டிலை ஆர் புகை போட்டது?"

"ஆர் போடுறது? நான்தான்" என்றார் அம்மா, அது ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு.

வைத்தியர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறவள் நான். அந்தப் பார்வை எனக்கு இன்னும் சுடுகிறது.

புகை போடுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெட்டிய இலைகளைத் தடிகளில் கோத்து, காற்றுப் புகாத ஒரு குடிலுக்குள் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். கீழே தேங்காய் உரித்த மட்டையை, தென்னம் பொச்சைக் குவித்து நெருப்பு வைப்பார்கள். நெருப்பு எரியவும் கூடாது, அணையவும் கூடாது. எரிந்தால் இலை கருகும், அணைந்தால் இலை பழுதாகும். புகைந்துகொண்டே இருக்கவேண்டும். அதற்கு ஒரு ஆள் திரும்பத் திரும்ப உள்ளே குனிந்து போய், பொச்சைப் புரட்டி, தண்ணீர் தெளித்து, ஊதி, பார்த்து வரவேண்டும். மாசி, பங்குனி முழுக்க அந்த ஆள் என் அம்மா. சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு போவார், கண் சிவந்து மூக்கு ஒழுக வெளியே வருவார். அப்பா வெளியில் நின்று இலையின் நிறத்தைப் பார்த்து, புகை காணும், இன்னும் காணாது என்று சொல்வார்.

அண்ணனும் நானும் அந்தக் குடிலுக்குக் கிட்டப் போகக்கூடாது. அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "பிள்ளையளை உங்கை விடாதை. உந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது." அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளின் நெஞ்சு நெஞ்சு, பெண்டாட்டியின் நெஞ்சு வேறெதுவோ. அப்பா ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய நெஞ்சில் புகை ஏறியிருக்கவில்லை. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன்.

நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்த பிறகு வைத்தியர் சொன்ன பெயர் எம்பிசீமா. கணினித் திரையில் அம்மாவின் நுரையீரலைக் காட்டினார். கொசுவுக்குக் கட்டுகிற பழைய நுளம்பு வலை பக்கத்துப் பக்கத்துக் கண்கள் பிய்ந்து பெரிய ஓட்டைகளாகிக் கிடக்குமே, அப்படி இருந்தது. நுரையீரலின் சிற்றறைகளை நான் கரும்பலகையில் எத்தனையோ தரம் வரைந்திருக்கிறேன். மெல்லிய சுவர், அந்தச் சுவருக்குள் மயிர்க்குழாய்கள், ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் குருதி. நான் கற்பிக்காதது, பாடத்திட்டத்தில் இல்லாதது, அந்தச் சுவர் தன்பாட்டில் நிற்பதில்லை என்பது. சிற்றறையின் கலங்கள் குருதிக் குழாய்களுக்கான ஒரு வளர்ச்சிக் காரணியை நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அது கிடைக்கும் வரைக்கும்தான் மயிர்க்குழாய்கள் உயிரோடு இருக்கும். அவை உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் சுவர் நிற்கும். காலம் காலமாகப் புகை போனால் அந்தச் சுரப்புக் குறைகிறது. குழாய் சாகிறது, சுவர் கரைகிறது, காற்று உள்ளே போனாலும் போய்ச் சேர இடமில்லை. "இது மட்டும்தான் காரணமெண்டில்லை, ஆனால் இதுவும் ஒரு பெரிய காரணம்" என்றார் வைத்தியர். போன சுவரைத் திரும்பக் கட்ட மருந்தில்லை என்றும் சொன்னார்.

வீட்டுக்கு ஒட்சிசன் மெஷின் வந்தது. அது இரைகிற இரைச்சலில் அம்மா முதல் வாரம் அதோடு சண்டை பிடித்தார், பிறகு பழகிக்கொண்டார். மூக்கில் குழாயோடு கதிரையில் இருந்து, காலையில் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை உரத்து வாசிப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை. பிறந்த இடம், வாழ்ந்த இடம், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், மருமக்கள் எந்த ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விமர்சனம் இருக்கும். "உவள் நல்லாய்த்தான் வாழ்ந்தவள், ஆனால் மூத்த மருமோள் பாத்திருக்கமாட்டாள்" என்று செத்தவர் வீட்டுச் சண்டையை எனக்குத் தேநீரோடு பரிமாறுவார். வாசிக்க அவருக்கு வலது கண் மட்டும்தான் இருந்தது. இடது கண்ணின் விழித்திரையில் முன்பொருமுறை குருதி கசிந்து, நாங்கள் கவனிப்பதற்கு முன்னே தழும்பு விழுந்துவிட்டது.

அந்த வலது கண்ணிலும் அதே நோய் தொடங்கியது. கதவு நிலை வளைந்து தெரிகிறது என்றார் அம்மா. இந்த முறை நான் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. கண் வைத்தியர் ஒரு பெண், சிரித்த முகம். விழித்திரைக்குப் பின்னால் தேவையில்லாத குருதிக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன, அவற்றை முளைக்க வைக்கிற வளர்ச்சிக் காரணியைத் தடுக்கிற ஊசி ஒன்றைக் கண்ணுக்குள் போடவேண்டும், குறித்த இடைவெளியில் விடாமல் போடவேண்டும் என்றார். காரணியின் பெயரைச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நெஞ்சு வைத்தியர் சொன்ன அதே பெயர்.

"ஓம், அதே சாமான்தான்" என்றார் அவர். "நெஞ்சிலை குறைஞ்சுபோச்சு, கண்ணிலை கூடிப்போச்சு."

அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப கண்ணிலை கூடினதை எடுத்து நெஞ்சிலை விடுங்கோவன், பிள்ளை."

"அது எனக்கு ஏலுமெண்டால் நான் ஏன் அம்மா இஞ்சை இருந்து ஊசி குத்திறன்?" என்று வைத்தியர் சிரித்தார். அம்மாவும் சிரித்தார், சிரிப்பில் மூச்சு வாங்கியது.

கண்ணுக்குள் ஊசி என்றால் கேட்கவே கூசும். அம்மா கூசவில்லை. சில ஊசிகளோடு கதவு நிலை நேரானது. மரண அறிவித்தலில் சின்ன எழுத்தையும் வாசித்தார். நான் செய்த பெரிய முட்டாள்தனம், இந்தச் சந்தோஷத்தில் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் விளக்கி எழுதியதுதான். படிப்பித்துப் பழகிய கை, சும்மா இருக்காது.

அண்ணன் கனடாவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே விடியும்போது, இங்கே எங்களுக்குப் பின்னேரம், வீடியோவில் வருவார். அவரை முட்டாள் என்று யாரும் சொல்லமுடியாது. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவர். நான் எழுதிய காரணியின் பெயரைப் பிடித்துக்கொண்டு போய் இணையத்தில் தேடியிருக்கிறார். அடுத்த ஞாயிறு பாடம் எனக்கு நடந்தது.

"நீ வாசிச்சனியோ? எலியளிலை அந்தக் காரணியைத் தடுத்துப் பாத்திருக்கிறாங்கள். ஒரு துளி புகை போகேல்லை, சும்மா அதைத் தடுத்த உடனையே நெஞ்சுச் சுவர் கரைஞ்சுபோச்சு. இஞ்சை அம்மாவின்ரை நெஞ்சு ஏற்கெனவே அரைவாசி இல்லை. நீ அந்த ஊசியைத்தான் கொண்டுபோய்ப் போடுவிக்கிறாய்."

"அண்ணை, அது எலியின்ரை உடம்பு முழுக்கப் போன மருந்து. இது கண்ணுக்குள்ளை ஒரு துளி."

"கண் என்ன உடம்புக்கு வெளியிலையோ இருக்கு?"

கண் வைத்தியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கே குடும்பத்துக் குழுவில் எலி நுரையீரல் படங்கள் வந்தன, முன், பின் என்று. லண்டனில் இருக்கிற மாமி கும்பிடுகிற கைப் படத்தைப் போட்டு, மூத்தவன் சொல்லுறதைக் கேளுங்கோ என்று எழுதினார். மாமிக்கு நுரையீரல் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. நோயாளி இங்கே இருப்பார், தூக்கிப் பறித்துப் பராமரிக்கிறவள் இங்கே இருப்பாள், முடிவு மட்டும் விமானத்தில் வரும்.

நான் கண் வைத்தியரிடம் போய் நேராகக் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். "போடுறது ஒரு துளி. அதிலை கொஞ்சம் இரத்தத்துக்குப் போறது உண்மை. அது நெஞ்சைக் கெடுத்தது எண்டு காட்டின ஆதாரம் எனக்குத் தெரிஞ்சு ஒண்டும் இல்லை. ஒரு சொட்டு ஆபத்தும் இல்லை எண்டு எழுதித் தாங்கோ எண்டால் தரமாட்டன், எந்த மருந்துக்கும் தரமாட்டன். ஆனால் ஊசியை விட்டால் இந்தக் கண்ணும் மற்றக் கண் மாதிரித்தான்." நெஞ்சு வைத்தியரும் ஊசியை நிறுத்தவேண்டாம் என்றார். இரண்டையும் அண்ணனுக்குச் சொன்னேன்.

"எழுதித் தரமாட்டன் எண்டு சொன்னவவோ?" என்றார் அண்ணன். முழுப் பேச்சிலும் அவருக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் ஏன் இப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா செத்தபோது அவருக்கு அங்கே குடிவரவுக் கடதாசி சரிவரவில்லை, வரமுடியவில்லை. சித்தப்பாவின் மகன் கொள்ளி வைக்க, அண்ணன் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். படம் இடையில் நின்றுபோய் நின்றுபோய் வந்தது. அம்மாவுக்கும் அப்படி நடந்துவிடக்கூடாது என்பது அவருடைய பயம். ஆடி பிறந்ததும் லீவு எடுத்து வருவதாக இருந்தார். "நான் வருமட்டும் அம்மாவின்ரை மூச்சு நிக்கக்கூடாது, எனக்கு அது போதும்" என்றார் ஒருமுறை. அவர் மீது எனக்கு இரக்கம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வசனத்தில் அம்மா எங்கே இருந்தார்? அண்ணனுக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள், மூச்சு விடுகிற தாய். அவள் எதைப் பார்க்கிறாள் என்பது அவருடைய அக்கறையில் இருக்கவில்லை.

அடுத்த ஊசி நாள் ஓட்டோ வாசலில் வந்து நின்றது. அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"உன்ரை அண்ணை வேண்டாமெண்டவன்."

"அவர் டொக்டரோ அம்மா?"

"எனக்குக் கொள்ளி வைக்கிறவன் அவன். அவன் வேண்டாமெண்டால் ஏதோ காரணமிருக்கும். நீ கத்தாதை, எனக்கு மூச்சு முட்டுது."

மூச்சு முட்டுகிறவரோடு சண்டை பிடிப்பது எப்படி? நான் குரலை உயர்த்தினால் அவருடைய மார்பு ஏறி இறங்கும். அண்ணன் கனடாவிலிருந்து என்ன சத்தத்தில் கதைத்தாலும் அதைக் குறைக்க ஒரு பொத்தான் இருந்தது. ஓட்டோவைத் திருப்பி அனுப்பினேன். அதற்கடுத்த முறையும் அனுப்பினேன். அம்மாவின் கண் எப்படி என்று கேட்டால், "நல்லாய்த்தான் இருக்கு" என்பார். காலையில் பத்திரிகை வாசிப்பும் நடந்துகொண்டுதான் இருந்தது. அதனால் நானும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தேன்.

ஒரு நாள் நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, அம்மா முன்விறாந்தையிலிருந்து வாசித்தார். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற தபாலதிபர் காலமானாராம். மூன்று பிள்ளைகள், இருவர் பிரான்சில், ஒருவர் சுவிசில், கிரியைகள் நாளைக்கு, சுடலையும் சொன்னார். "பாவம், நல்ல மனிசன், ஆனால் கஞ்சன்" என்று விமர்சனமும் வந்தது. துருவலையை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அரை மணித்தியாலத்துக்கு முன்னர் அந்த மனிதர் சைக்கிளில் போகும்போது மணியடித்து, இன்றைக்குக் கரண்ட் நிற்குமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மாவின் கையிலிருந்து பத்திரிகையை வாங்கினேன். மரண அறிவித்தல் பக்கம் அல்ல. அது விளையாட்டுப் பக்கம், அதுவும் தலைகீழாக.

"எவ்வளவு நாளாய் அம்மா?"

அம்மா கையை நீட்டிப் பத்திரிகையைத் தேடினார். "நடுவிலை ஒரு கறுப்பு, பிள்ளை. சொன்னால் நீ அவனோடை சண்டைக்குப் போவாய் எண்டுதான் சொல்லேல்லை" என்றார். எங்கள் சண்டையை நிறுத்துவதற்காக ஒவ்வொரு நாளும் மனத்தால் ஆட்களைச் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, யாரையாவது அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. அடிக்கக்கூடிய ஆள் எட்டாத தூரத்தில் இருந்தார்.

ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அவர் நித்திரையால் எழும்பி வந்தார். அம்மாவுக்குப் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு, மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். ஊசியை நிறுத்தி அம்மாவின் நெஞ்சில் ஒரு சுவர் திரும்ப முளைத்ததா? கிணற்றடிக்குப் போக முந்தி ஒருதரம் நின்றவர், இப்போது இரண்டு தரம் நிற்கிறார். நெஞ்சும் போகிறது, கண்ணும் போகிறது, இதுதானா உங்கள் கணக்கு?

"ஊசி போட்டிருந்தால் நெஞ்சு இன்னும் கெதியாய்ப் போயிருக்காதெண்டு உன்னாலை சொல்ல ஏலுமோ?" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு அம்மா வேண்டாம், கொள்ளி வைக்க ஒரு உடம்பு வேணும்!"

"நீ எல்லாத்தையும் உன்ரை கையுக்குள்ளை வைச்சிருக்கவெல்லோ பாக்கிறாய்! நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான்!"

"காணும்!" என்றார் அம்மா. அந்தக் குரல் அவருடைய நெஞ்சில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் துண்டு துண்டாக, இடையில் மூச்சிழுத்து இழுத்துத்தான் வந்தது.

"காணியைப் பங்கு போட்டனாங்கள், சரி. நகையைப் பங்கு போட்டனாங்கள், சரி. இப்ப என்னையும் பங்கு போடுறியளோ? நெஞ்சு அவனுக்கு, கண் உனக்கு. எனக்கெண்டு என்ன வைச்சிருக்கிறியள்? கொப்பரும் இப்பிடித்தான். குடிலுக்குள்ளை போறியோ எண்டு ஒரு நாளும் கேட்டதில்லை, போ எண்டுதான் சொன்னவர். நீங்கள் ரெண்டு பேரும் படிச்சனீங்கள். நீங்களும் ஒரு நாள் கேக்கேல்லை."

திரையில் அண்ணன் குனிந்துகொண்டார். அண்ணனைச் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. என்னைச் சொன்னதுதான் தாங்கவில்லை. நான் கண்ணுக்காகத்தானே நின்றேன், சரியான பக்கத்தில்தானே நின்றேன் என்று உள்ளே கொதித்தது. ஆனால் அம்மா சொன்னது சரி. உனக்கு எது வேணும் என்று நான் கேட்டதே இல்லை. நான் சரி, அண்ணன் பிழை என்பதை நிரூபிப்பதிலேயே நின்றிருந்தேன்.

"சரி, இப்ப கேக்கிறன். என்ன வேணும் அம்மா?"

"எனக்குப் பாக்கவேணும்" என்றார். "மூச்சு இருக்குமட்டும் இருக்கட்டும். இருக்கிற மட்டும் எனக்கு ஆக்களைப் பாக்கவேணும்."

அடுத்த நாளே போனோம். கண் வைத்தியர் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நடுவில் தழும்பு விழுந்துவிட்டது என்றார். இருந்தும் ஊசி போட்டுப் பார்த்தார். அது கசிவை நிறுத்தியது, போனதைத் திருப்பித் தரவில்லை. "நடுப் பார்வை இனி வராது அம்மா. ஓரப் பார்வை நிக்கும். நேரை பாக்கிறதைப் பாக்கேலாது, பக்கத்தாலை பாக்கப் பழகவேணும்" என்றார். ஊசியை ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அண்ணனின் பெயரை அவருடைய முழு விலாசத்தோடு சொல்லியிருப்பேன்.

இதை அண்ணனுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தது அம்மா. "அவன் அங்கை தனியக் கிடந்து யோசிப்பான். வந்து அறியட்டும்" என்றார். எனக்குச் சொல்லவேண்டும் என்று நாக்குத் துடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம், அம்மா அண்ணனின் குரலுக்குத் தலையாட்டினார். அவர் கண்ணைப் பற்றிக் கேட்டபோது, ஊசி திரும்பவும் போடுகிறோம் என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் கேட்க அவருக்கும் தைரியம் வரவில்லை.

ஆடியில் வந்தார். கொழும்பிலிருந்து வாடகை வான் வண்டி வந்து நிற்க, பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, சப்பாத்தைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஓடி வந்தார். அம்மா விறாந்தையில் கதிரையில் இருந்தார். அண்ணன் முன்னால் முழங்காலில் இருந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தார்.

"அம்மா, நான் வந்திட்டன்."

அம்மா அவருடைய குரல் வந்த இடத்தை நேராகப் பார்த்தார். பிறகு முகத்தை அப்படியே சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் திகைத்துப்போய், எழும்பி அந்தப் பக்கம் போய் முழங்காலில் இருந்தார். அம்மா முகத்தை மறுபடியும் திருப்பினார், இந்த முறை தெருப் பக்கம். அண்ணன் உடைந்துபோனார். தலை வழுக்கை விழுந்த அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரிக் கேவினார்.

"என்னைப் பாக்கவும் மனமில்லையோ அம்மா? நான் உங்கடை உயிருக்குப் பயந்துதானே சொன்னனான்."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக இவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த சொற்கள் நாக்கில் வந்து நின்றன. ஆனால் சொல்ல வேண்டியிருந்தது அவற்றில் ஒன்றுமே இல்லை.

"கோவத்திலை திருப்பேல்லை" என்றேன். "உங்களைப் பாக்கத்தான் திருப்பினவ. நேரை பாத்தால் உங்கடை முகம் இருக்கிற இடத்திலை ஒண்டும் இல்லை, கறுப்பு. ஓரத்தாலைதான் தெரியும். நீங்கள் இடம் மாறாதேங்கோ. அசையாமல் இருங்கோ."

அண்ணன் இருந்த இடத்திலேயே இருந்தார். தலையைக்கூட ஆட்டவில்லை. கண்ணீரைத் துடைக்கவும் பயந்தவர்போல கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். அம்மா தெருவைப் பார்த்தபடி, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"தலையெல்லாம் கொட்டுண்டுபோச்சு, ராசா" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டே.